காறை எலும்புக்குக் கீழே ஒரு நிழல்

"பெட்டியக் கட்டிப்பிடிச்சிக்கம்மா," என்றேன்.

"எத?"

"இந்தப் பிலிம் பெட்டியத்தான். நெஞ்ச அதுல ஒட்டி வெச்சு, ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடி."

"எங்க வூட்டுக்காரரு பாத்தா என்னான்னு கேக்கமாட்டாரா?"

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தவர்கள் பத்துப் பேர். பத்துப் பேரும் சிரித்தார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் தோட்டத்து ஆட்கள் சிரித்து நான் கேட்டது அதற்கு முன் இல்லை.

அவள் பெயர் அஞ்சலை. ஜொகூரில் செனாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். இருபதைத் தாண்டிய வயது. கைக்குழந்தைக்காரி. ஆஸ்பத்திரி கொடுத்த வெள்ளைச் சட்டைக்குள் அவளைப் போல இன்னொருத்தியும் நுழையலாம், அவ்வளவு தொளதொளப்பு.

"கழுத்துல காதுல நகை ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

"நகையா? நல்லாக் கேட்டீங்கண்ணே. தோட்டத்துல பாதி ஆளுக்கு வேலையே இல்ல." காதுத் துளைகளில் தூர்ந்துபோகாமல் இருக்கச் செருகியிருந்த ஈர்க்குச்சிகளைத் தொட்டுக் காட்டினாள். "இந்தா, இதான் என் வைரத்தோடு."

கழுத்தில் மஞ்சள் நூல் மட்டும் தெரிந்தது. நூல் படத்தில் விழாது. அது எனக்குத் தெரியும்.

"சரி, நில்லு. பிடி," என்றேன். அவள் கழுத்தருகே கையை ஒரு வீசு வீசிவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். "மூச்ச நல்லா இழு. உடாத."

அந்தோணி அண்ணன் சுவிட்சைப் போட்டார். மெஷின் உறுமியது. மழைக்கு முன் இடி விழுந்த இடத்தில் வருமே, அந்த வாசனை அறையில் பரவியது.

வெட்டப்பட்ட எட்டு வரிகள்

மேலே போவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் இந்தப் பத்திக்கு நான் எழுதி அனுப்பியதில் எட்டு வரிகளைப் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிட்டார். எண்ணிப் பார்த்தேன். எட்டும் எக்ஸ்ரே டியூபைப் பற்றியவை. வாசகர்களுக்கு அலுப்புத் தட்டும் என்றாராம். யாருக்கு அலுப்பு என்று நான் கேட்கவில்லை. அந்த எட்டு வரிகளின் சாரத்தை இந்த வாரம் வேறு இடத்தில் நுழைத்திருக்கிறேன். கண்டுபிடித்து வெட்டட்டும்.

இரண்டாவது, ஆயர் ஈத்தாம் என்ற ஊரிலிருந்து, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதி என் மேல் கோபித்திருக்கிறார். எக்ஸ்ரே படத்திலும் பிசகு உண்டு என்று நான் இரண்டு வாரத்துக்கு முன் எழுதினேன் அல்லவா? 'மனிதன் பொய் சொல்வான், எக்ஸ்ரே சொல்லாது, விஞ்ஞானத்தைக் கொச்சைப்படுத்த வேண்டாம்' என்று அறிவுரை கூறுகிறார்.

"விடுங்கப்பா. எண்பது வயசுல எதுக்கு அந்த ஆளோட சண்ட?" என்றான் என் மகன்.

"எண்பத்தொன்று," என்று திருத்தினேன்.

விடுவதாக இல்லை. அந்த ஆசிரியர் எக்ஸ்ரே படத்தைக் கடைசியாக எப்போது ஈரத்தோடு கையில் பிடித்தார்? நான் எத்தனை ஆயிரம் பிடித்தேன் என்பதற்கு என் நகங்களே சாட்சி. மருந்துக் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆகவே இந்த வாரம் அஞ்சலையின் படத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவர் பொறுமையாகப் படிக்கட்டும்.

எட்டு விரல்

இப்போது மனிதனை ஒரு வளையத்துக்குள் தள்ளி, வாழைத்தண்டை நறுக்குவதுபோல் வட்டம் வட்டமாகப் படம் பிடிக்கிறார்கள். என் பேத்தி இதைப் பெருமையாகச் சொன்னாள். நல்லது. எங்கள் காலத்து மெஷினுக்கு வளையமும் கிடையாது, வாய்மையும் கிடையாது. சில நாள் பலமாக அடிக்கும், சில நாள் சோர்ந்து கிடக்கும்.

முதல் உலகச் சண்டை நடந்த காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த மெஷின் வந்தது. ஜொகூரில் இருந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அது வந்த நாளிலிருந்து அதோடு இருந்தவர் அந்தோணி அண்ணன். டவுனில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துக்காரர். எப்போதும் வெள்ளைச் சட்டை, எப்போதும் கடுகடுப்பு.

அந்தக் காலத்து டியூபுக்குள் கொஞ்சம் காற்று இருக்கும். காற்றின் அளவு மாற மாறக் கதிரின் பலமும் மாறும். இன்றைக்கு எவ்வளவு பலம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பச்சையாக ஒளிரும் ஒரு திரை உண்டு. டியூபுக்கும் திரைக்கும் நடுவில் தன் இடது கையை நீட்டுவார். எலும்பு கறுப்பாகவும் சதை மங்கலாகவும் தெரிந்தால் பலம் சரி. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் ஒருமுறை கையை நீட்டுவார். வருஷக்கணக்கில் நீட்டினார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்களும் இல்லை.

முதலில் நகம் கறுத்தது. பிறகு தோல் வெடித்தது. புண் ஆறவேயில்லை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். அப்போது புது டியூப் வந்துவிட்டது. அதில் காற்று கிடையாது, கம்பியைச் சூடாக்கிப் பலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கையை நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. பழைய பச்சைத் திரையை மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அந்தத் துணியை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

என்னைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார். காரணம், ஈரப் படத்தைத் தூக்கிப் பிடித்ததும் நான் விலா எலும்புகளை எண்ணுவேன். பக்கத்துக்குப் பன்னிரண்டு.

"டேய் கணக்கு, போன வாரத்துக்கு இந்த வாரம் கொறஞ்சிருக்கா?"

"உங்க விரல் மாதிரியா?" என்பேன். கெட்ட வார்த்தை ஒன்று வரும். அப்புறம் இருவரும் கோப்பி குடிக்கப் போவோம்.

படம் எடுப்பதைவிடக் கழுவுவதுதான் பெரும்பாடு. முதலில் கண்ணாடித் தகடுகள். கனம், கை தவறினால் போச்சு. பிறகு பிலிம் வந்தது. எது வந்தாலும் ஜொகூர் வெயில் ஒன்றுதான். இருட்டறைக்கு ஜன்னல் கிடையாது. மருந்துத் தண்ணீர் சூடேறினால் படத்தின் மேல்பூச்சு பாலாடை போல வழுக்கிக்கொண்டு போய்விடும். ஐஸ் கடையிலிருந்து மரத்தூளும் சாக்கும் சுற்றிய கட்டி வரும். அதை மருந்துத் தட்டைச் சுற்றி அடுக்கிவிட்டு வேலை தொடங்குவேன். ஒருநாள் கூரையிலிருந்து பல்லி தட்டில் விழுந்தது. ஒரு சார்ஜண்டின் இடுப்பெலும்புப் படத்தில் வால் தடம் பதிந்துவிட்டது. அந்த சார்ஜண்ட் பிழைத்தாரா என்று கேட்காதீர்கள். பல்லி பிழைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கதைக்குத் தேவை. நம் பெண்கள் படத்துக்கு நிற்கும்போது தாலியைக் கழற்றமாட்டார்கள். ஆரம்பத்தில் டாக்டர்கள் சத்தம் போட்டுப் பார்த்தார்கள், அப்புறம் ஓய்ந்துவிட்டார்கள். தங்கம் படத்தில் பளிச்சென்று வெள்ளையாக விழும். அதைப் பார்த்து நோய் என்று யாரும் ஏமாறமாட்டார்கள். நடு நெஞ்சில் முதுகெலும்புக்கு நேராகத் தொங்கவிட்டுக்கொள்ளச் சொல்வோம், அவ்வளவுதான்.

அன்பிட்

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ரப்பர் விலை படுத்துக் கிடந்த வருஷம். தோட்டங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. குறைப்பதற்கு மரியாதையான பெயர் 'ஊருக்குத் திருப்பி அனுப்புவது.' உடம்புக்கு ஆகாதவர்களை முதலில் கப்பலேற்றலாம் என்று அஞ்சலையின் தோட்டத்தில் முடிவெடுத்திருந்தார்கள். இளைத்துத் தெரிந்த பதினொரு பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கிராணி எங்களிடம் வந்தார். கிராணி என்றால் ஆபீஸ் எழுத்தர். நம் ஆள்தான், கால்சட்டையும் தொப்பியுமாக.

பதினொரு படமும் கழுவி முடிந்தன. பெரிய டாக்டர் வந்தார். வெள்ளைக்காரர், வேகமானவர். ஈரப் படங்களை விளக்குப் பெட்டியில் ஒவ்வொன்றாக மாட்டினார். நான்கு பேரின் காகிதத்தில் 'அன்பிட்', அதாவது உடம்பு வேலைக்கு ஆகாது என்று எழுதினார். நான்காவது அஞ்சலை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஜொகூரில் எல்லா ஆபீசும் மூடியிருக்கும். ஆகவே சாப்பிட்டுவிட்டு வந்து காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்படியே பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போவதாகச் சொல்லி டாக்டர் காரில் ஏறினார்.

கிராணி அதற்குள் வெளியே போய் வாயைத் திறந்துவிட்டார்.

"அஞ்சல, ஒனக்கு நெஞ்சுல டீபி. சனிக்கெழம லாரி, தொறமொகத்துக்கு. அங்கேருந்து கப்பலு."

"யாருக்கு டீபி? நான் இருமி நீங்க பாத்தீங்களா கிராணியாரே?"

"படத்துல உழுந்திருக்கு லா. நீ இருமுனா என்ன, இருமாட்டி என்ன?"

"எம் புருஷன்?"

"அவன் நல்லாத்தானே இருக்கான். இங்க வேல செய்வான்."

"எம் புள்ள?"

"ஒட்டுவாரொட்டி நோவு. புள்ளைய எப்படி ஒங்கிட்ட உடுவாங்க?"

பிறகு கதவு திறந்து சுவரில் மோதியது.

"எங்க அந்த டீபி?" அஞ்சலை அறைக்குள் நின்றாள். இன்னும் அந்த வெள்ளைச் சட்டையோடுதான் இருந்தாள். "எடுத்துக் காட்டுங்க. பாக்காம போமாட்டேன்."

"நோயாளிக்குப் படத்தக் காட்டுற பழக்கம் இங்க இல்ல," என்றார் அந்தோணி அண்ணன்.

"என் நெஞ்சு. நான் பாக்கக் கூடாதுன்னா வேற யாரு பாக்குறது? ஒங்க வூட்டம்மாவா?"

நான் படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.

"என்னாண்ணே இது, மீன் முள்ளா?"

"ஒன் விலா எலும்பு. பக்கத்துக்குப் பன்னண்டு."

"எண்ணிட்டீங்களா?"

"எண்ணாம அவனுக்குத் தூக்கம் வராது," என்றார் அந்தோணி அண்ணன்.

"எங்க நோவு?"

காட்டினேன். வலது காறை எலும்புக்குக் கீழே, டீபி வழக்கமாகத் தலைகாட்டும் அதே இடத்தில். கொட்டைப்பாக்கைவிடப் பெரிய நிழல். ஓரம் கலங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் சின்ன மொட்டுப்போல் ஒரு புடைப்பு. எந்த டாக்டரும் அதை டீபி என்றுதான் சொல்லியிருப்பார். ஆயர் ஈத்தாம் ஆசிரியர் கவனிக்கட்டும், நான் டாக்டரைக் குறை சொல்லவில்லை.

"ஒடம்புல எந்த எடம்?"

என் தோளில் கைவைத்துக் காட்டினேன். அவளும் தன் வலது தோளில் கைவைத்தாள். விரலில் மஞ்சள் நூல் மாட்டியது. பேசிக்கொண்டே, பழக்கத்தில், அதை முன்னால் இழுத்தாள்.

முதுகிலிருந்து தோளைத் தாண்டி ஒரு காய்ந்த மஞ்சள் கிழங்கு வந்து நெஞ்சில் விழுந்தது. கட்டைவிரல் பருமன். பக்கத்தில் ஒரு மொட்டு.

நான் கிழங்கைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். மறுபடி கிழங்கைப் பார்த்தேன்.

"இது என்னம்மா?"

"தாலிண்ணே. வேற என்ன? தங்கம் கைய விட்டுப் போயி வருஷமாச்சு. கெழங்கக் கட்டிக்கிட்டிருக்கேன்."

"இத ஏன் முதுகுல போட்டிருந்த?"

"வேல செய்யறப்ப முதுகுலதான போட்டுக்குவோம்? மரத்துக்கிட்ட குனிஞ்சா பால்ல உழுந்திரும்ல. நீங்க 'நில்லு, பிடி'ன்னு கங்காணி கணக்கா சொன்னீங்க. கை தானா போட்டுருச்சு."

இந்த இடத்தில் சிலர் என்னைக் கேட்பார்கள், நீங்கள் சரியாகப் பார்க்கவில்லையா என்று. என் மகனே கேட்டான். நகை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். மஞ்சள் கிழங்கு நகையா? அவள் சொன்னது சரி, நான் கேட்டதும் ஆஸ்பத்திரியில் கேட்கச் சொன்னதுதான். இதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

சமையலறைக்குப் போனேன்

"கெழங்கெல்லாம் படத்துல உழுமாடா?" என்றார் அந்தோணி அண்ணன். நம்பவில்லை.

"ஏன் உழாது? சதை விழுதில்ல? கதிர் முதுகுப் பக்கத்துலேர்ந்து வருது. பிலிம் நெஞ்சுப் பக்கம். கெழங்கு பிலிமுக்குத் தள்ளி இருந்திருக்கு. வெளக்குக்கிட்ட கைய வெச்சா சொவத்துல நெழல் பெருசாக் கலங்கித் தெரியுதுல்ல, அது மாதிரி."

"வாயால சொல்லாத. காட்டு."

அஞ்சலையிடம் கிழங்கைக் கேட்க முடியாது. ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு ஓடினேன். அங்கே சமையல் செய்தவர் ஒரு மலையாள முஸ்லிம், காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"காக்கா, முழு மஞ்சள் ஒண்ணு குடுங்க."

"என்னா, எக்ஸ்ரேய்க்குக் கொளம்பா?"

நான் திரும்பி வந்தபோது மூலையில் கிடந்த துணி தரையில் இருந்தது. அந்தோணி அண்ணன் பழைய பச்சைத் திரையைத் தூக்கி நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சளைக் கட்டுத் துணியின் நூலில் கட்டி, ஸ்டாண்டில் தொங்கவிட்டார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

"இந்தத் தடவ கைய வெக்கல, பாத்துக்க," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

விளக்கை அணைத்தோம். கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்றோம். மெஷின் உறுமியது. திரை பாசி நிறத்தில் பூத்தது. நடுவில் மங்கலாக ஒரு நிழல். ஓரம் கலங்கிய நிழல். கொட்டைப்பாக்கைவிடப் பெரியது.

"அலமாக்!" என்றாள் அஞ்சலை இருட்டில். "இதுக்கா என்னயக் கப்பல்ல ஏத்துறீங்க?"

பதின்மூன்றாகட்டும்

நிழல் கிழங்குடையதுதான் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்துவிட்டது. அது போதாது. கிழங்குக்குப் பின்னால் நுரையீரலில் நிஜ நிழலும் இருந்தால்? இன்னொரு படம் எடுத்தால்தான் தெரியும். டாக்டர் வந்து கையெழுத்துப் போடுவதற்குள் எடுக்க வேண்டும்.

எங்கள் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சிக்கன காலம். தோட்டத்து ஆள் ஒருவருக்கு ஒரு பிலிம். இரண்டாவது வேண்டுமென்றால் பெரிய டாக்டரின் எழுத்து மூலமான அனுமதி. தினமும் படித்த அறிவிப்பு. அதில் ஓர் எழுத்துப் பிழைகூட உண்டு.

டப்பாவில் பதினான்கு பிலிம் இருந்தது.

"பதின்மூணாகட்டும்," என்றேன்.

"எனக்கு வெரலு போச்சு. வேலையும் போகணுமா?" என்றார் அந்தோணி அண்ணன்.

"நீங்க வெளிய நில்லுங்க. நானே எடுத்துக்கறேன்."

"நீயா? நெஞ்ச எடுக்கச் சொன்னா நீ முழங்கால எடுப்ப." எரிச்சலோடு போய் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "வாம்மா. அந்தக் கெழங்கக் கழட்டி இந்தத் தட்டுல வெய்யி."

"தாலியக் கழட்டணுமா? எம் புருஷன் உசுரோட இருக்காருங்க."

"ரெண்டே நிமிஷம்மா."

"ரெண்டு நிமிஷம் அவரு செத்துட்டு வரட்டுமா?"

கிராணி வாசலில் வந்து நின்றார். "பாத்தீங்களா சார், இதான் இவ கொழுப்பு. அதான் மொத லிஸ்டுலயே பேரு. வுடுங்க சார், எழுதுனது எழுதுனதாவே போவட்டும்."

அஞ்சலை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சள் நூலை இரண்டு விரலால் தூக்கினாள். கிழங்கோடு சேர்த்து நூலை வாயில் வைத்து, பல்லால் இறுகக் கடித்துக்கொண்டாள். முகவாயைப் பெட்டிக்கு மேலே உயர்த்தினாள். கைகள் தாமாகவே பெட்டியை அணைத்துக்கொண்டன. நெஞ்சுக்கு முன்னும் பின்னும் இப்போது ஒன்றுமில்லை. நான் சுற்றி வந்து பார்த்தேன். இருமுறை பார்த்தேன்.

"மூச்ச இழும்மா. மூக்கால."

இழுத்தாள். அன்றைக்கு முழுதும் அவள் பேசாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இருட்டறையில் ஐஸ் கரைந்து தீப்பெட்டி அளவாகிக் கிடந்தது. தட்டை அதன் மேலேயே வைத்தேன். சிவப்பு விளக்கின் கீழ் முதலில் தோளெலும்பு வந்தது. பிறகு விலா எலும்புகள். அடுத்த தட்டில் முக்கி, தண்ணீரில் அலசி, கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்னண்ணே?"

"இரு, எண்ணுறேன்."

"இப்பவுமா?" என்று கத்தினார் அந்தோணி அண்ணன்.

இருபத்து நான்கு. காறை எலும்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

பாலெக் மானா

டாக்டரின் கார் வந்தது. இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தேன்.

அவர் முதலில் படத்தைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தார். யார் சொல்லி எடுத்தது என்று கேட்டார்.

"நான்தான் எடுத்தேன்," என்றேன்.

"சுவிட்சைப் போட்டது நான்," என்றார் அந்தோணி அண்ணன், பின்னாலிருந்து. அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விவரத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் அஞ்சலையின் கழுத்தைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கிராணி குறுக்கே வந்தார். இவள் பெயரைத் தோட்டத்துத் துரைக்குச் சொல்லியாகிவிட்டது, இவள் எப்படியும் வம்புக்காரி, ஊருக்குப் போவது இவளுக்கே நல்லது என்று ஏதேதோ சொன்னார்.

டாக்டர் தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் அஞ்சலையிடமே கேட்டார். ஏன், உனக்கு உன் ஊருக்குத் திரும்பிப் போக விருப்பமில்லையா? 'பாலெக்' என்ற சொல்லைச் சொன்னார். திரும்புதல்.

"பாலெக்?" அஞ்சலை ஓரடி முன்னால் வந்தாள். "பாலெக் மானா, துவான்? சாயா சினி பூனியா ஓராங்."

திரும்பி எங்கே போவது? நான் இந்த இடத்து ஆள்.

பிறகு தமிழில், கிராணியின் பக்கம் திரும்பி: "நான் பொறந்தது நம்ம தோட்டத்துப் பதினாலாம் நம்பர் லயத்து வூட்டுல. எங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்தது பக்கத்து வூட்டு ஆயா. கப்பல நான் படத்துலகூடப் பாத்ததில்ல. எங்கேருந்தும் வராதவள எங்க திருப்புவீங்க?"

கிராணி தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். காகிதத்தில் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் 'பிட்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இன்னொரு காகிதத்தை எடுத்து என் பெயரை எழுதி, அனுமதியின்றி அரசாங்கப் பொருளைச் செலவிட்டதாக ஒரு குறிப்பும் எழுதினார். இரண்டையும் ஒரே கையால், ஒரே மையால் எழுதினார். நியாயமான மனிதர் என்றுதான் இன்றும் சொல்வேன்.

அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தால் குறிப்பை எடுத்துவிடலாம் என்று தலைமைக் குமாஸ்தா இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். எழுதவில்லை. அவர் ஓய்வுபெற்றார், நானும் ஓய்வுபெற்றேன். குறிப்பு அப்படியே இருக்கும், கரையான் தின்றிருந்தால் ஒழிய.

என் கேள்வியை மட்டும் அடுத்த வேலைநாளிலிருந்தே மாற்றிக்கொண்டேன். நகை இருக்கா என்று அப்புறம் யாரையும் கேட்டதில்லை. கட்டினது, தொங்குறது, செருகினது, முதுகுல போட்டது ஏதாவது இருக்கா என்று கேட்பேன். சீனக் கிழவிகள்கூடச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்த நால்வரில் மற்ற மூவருக்கு நிழல் நிஜமாகவே நோய்தான். அவர்கள் படங்களையும் அன்று மறுபடி மறுபடி பார்த்தேன். அவர்கள் போனார்கள். ஆயர் ஈத்தாம் ஆசிரியருக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். படம் பொய் சொல்லாது, சரி. முன்னால் நிற்பது நோயா மஞ்சளா என்று அதற்குத் தெரியவும் தெரியாது. அதை மனிதன்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

லாரி கிளம்பத் தயாரானபோது அஞ்சலை மறுபடி எங்கள் அறைக்கு வந்தாள். தன் சேலைக்கு மாறியிருந்தாள்.

"அந்த மொதப் படத்த எங்கிட்ட குடுங்க."

"அது கவர்மெண்ட் சொத்தும்மா," என்றார் அந்தோணி அண்ணன்.

"கெழங்கு என்னுது."

"அதான் ஒங்கிட்டயே இருக்கே."

"அதுவும் சரிதான்," என்றாள். நூல் இன்னும் ஈரமாக இருந்தது. கிழங்கில் பல் பதிந்த தடம் தெரிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஏய், ஏறு லாரில. நேரமாவுது," என்று வாசலிலிருந்து கிராணி கத்தினார்.

அஞ்சலை அவரைப் பார்த்துக்கொண்டே நூலைத் தூக்கி, கிழங்கைத் தோளுக்கு மேலே வீசி முதுகில் போட்டுக்கொண்டாள்.

"போலாம் வாங்க கிராணியாரே. எனக்குக் காலையில வெட்டு இருக்கு."